வங்கி வேண்டாம் என்ற பால்

ஒட்னி குழந்தையின் சட்டை ஜிப்பைப் பல்லால் கவ்விக் கழுத்துவரை இழுக்கிறாள். பிறகு குனிந்து, இரு முன்கைகளையும் அவன் முதுகுக்கடியில் செலுத்தி, விரல் படாமல் தூக்குகிறாள். "வாடா சீல் குட்டி, என்னா கனம் கனக்கிற!" காலை வேளைகளில் அவள் விரல்கள் மடங்குவதே இல்லை.

கணவன் ஐவிண்ட் படகுக்குக் கிளம்பும்போது கேலி செய்வான். "நண்டு மாதிரியே பிடிக்கிறடி."

"நண்டுக்கு நல்ல விலை. உன்ன எவ வாங்குவா?"

வார்டோ துறைமுகத்து மீன்கூடத்தில் காட் மீன் கீறுவது அவள் வேலை. மூட்டுவாதம் வந்த பிறகும் கத்தி நழுவாமல் இருந்ததற்குக் காரணம் ஓர் ஊசி. ஆய்வகத்தில் உயிரணுக்களிலிருந்து வளர்த்தெடுக்கும் உயிரியல் மருந்து. இந்தக் கைக்குழந்தை ப்ராகெ பிறந்த சில நாளில் அதை நிறுத்திவிட்டாள்.

நோய் வராத காலத்தில், மூத்தவள் குடித்தது போக மிஞ்சிய பாலை ஆஸ்பத்திரியின் பால் வங்கிக்குக் கொடுத்தவள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. இம்முறையும் கேட்டாள். இந்த ஊசி போடுகிறவர்களிடம் வாங்குவதில்லை என்றார்கள். ஊசி நின்றது அன்றுதான். தியாகம் என்று இதைச் சொல்ல முடியாது. பயம்தான், ஆனால் தாய்மையின் உடுப்பை அணிந்த பயம், யாரும் கேள்வி கேட்காத பயம்.

கேட்டது ஒருத்திதான். குழந்தையை எடை பார்க்க வந்த செவிலி டோருன்.

"வங்கிப் பால் யாருக்குப் போகுது? உள்ளங்கை அளவு குறைமாசப் பிள்ளைங்களுக்கு. அதனால அங்க விதி கெடுபிடி. இவன் கொழுகொழுன்னு இருக்கான். அந்த மருந்தோட மூலக்கூறு பெருசு, பால்ல இறங்குறதே துளிதான். அதையும் இவன் வயிறு செரிச்சிடும். டாக்டரும் இதத்தானே சொன்னாரு?"

"சொன்னாரு."

"அப்புறம் என்ன?"

"அடுத்தவ பிள்ளைக்கு ஆகாதது என் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?"

"எக்ஸ்ரே பாத்தல்ல? அரிச்ச எலும்பு திரும்ப வளராது, ஒட்னி. கை போயிட்டா இவன எப்படித் தூக்குவ?"

ஒட்னி குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள். பிறகு, "நீயே போட்டுவிடு. என்னால அழுத்த முடியாது" என்று தொடையைக் காட்டினாள். மருத்துவர் எழுதித் தந்திருந்த புது ஊசியை டோருன் போட்டுவிட்டாள்.

ப்ராகெ அழுதான். ஒட்னி மார்பைத் திறந்து அவனை அணைத்தாள். அவன் ஆவலாகப் பற்றிக்கொண்டு மடக்மடக்கென்று விழுங்கினான். டோருன் நிம்மதியாகக் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் கார் உறுமியது; சத்தம் துறைமுகப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

ஒட்னி வீங்கிய சுண்டுவிரலை மெல்ல அவன் வாயோரத்தில் நுழைத்து, பசி அடங்குமுன்பே மார்பிலிருந்து அவன் பிடியை விடுவித்தாள்.