வலது ஓரத்தைப் பார்த்த சவரிமுத்து

அன்று காலை, ஊர்ச் சத்தங்களைப் பதிந்து பகிரும் நம் ஒலிப்பதிவுக் குழுவுக்கு இரண்டு அஞ்சல்கள் வந்திருந்தன. நம் குழுவின் தளம் எழுத்தைத் தவிர வேறெதையும் ஏற்காது. அதனால் படமோ ஒலியோ எதுவானாலும் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாற்றித் துண்டு துண்டாக அனுப்புவோம், பெறுகிறவர் சேர்த்துப் பழையபடி மாற்றிக்கொள்வார். வழக்கம்போல இரண்டையும் சேர்த்து மாற்றிப் பார்த்தேன். பாதிப் படம்தான் வந்தது. மேலே ஒரு சிலுவை, கொஞ்சம் நீல வானம், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இப்படி வந்தால் நாம் எல்லோரும் என்ன செய்வோமோ அதையே நானும் செய்தேன். "சவரி சார், இது பாதிதான் தொறக்குது, கொஞ்சம் பாருங்க" என்று சவரிமுத்துவுக்கு அனுப்பிவிட்டு இட்லி ஊற்றப் போனேன்.

சற்று நேரத்தில் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மகள் ஸ்டெல்லா. "ஆன்ட்டி, நீங்க அனுப்புனது அப்பாவோட நோட்டீஸ்தான். நான்தான் குரூப்புல போட்டேன், சரியா போவல போலருக்கு. அப்பா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க."

இறந்தவரிடமே அவருடைய இரங்கல் அறிவிப்பைத் திறந்து தரச் சொல்லியிருக்கிறேன். அவர் காதில் விழுந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், அரசு அலுவலகங்களுக்கு எதிர்வரிசையில் இருந்த அவருடைய ஜெராக்ஸ் கடை உங்களில் பலருக்குத் தெரியும். மனு எழுதி அச்செடுக்க வருகிறவர்கள் பகலெல்லாம் நிற்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் நம்முடைய திறக்காத கோப்புகளையும் பார்ப்பார். பணிவானவர், பொறுமைசாலி என்றெல்லாம் அஞ்சலிக் கூட்டத்தில் சிலர் பேசினார்கள். மன்னிக்க வேண்டும், அவர் பொறுமைசாலி அல்ல. கோப்புகளிடம் பொறுமையாக இருப்பார், நம்மிடம் எரிந்து விழுவார். "தொறக்கல, தொறக்கலன்னு சொல்லாதீங்க. அதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க" என்பதை நம்மில் வாங்காதவர் யாரும் இருக்க முடியாது.

அவர் வேலை செய்யும் விதம் யாருக்கும் வராது. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் விழுகிற எழுத்துருவுக்கு மாற்றி, வீணான ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் அந்த எழுத்து மூட்டையை அச்செடுப்பார். பிறகு ஒரு ஸ்டீல் ஸ்கேலை வலது ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வருவார். எல்லா வரிக்கும் ஒரே நீளம் என்பதால், நீண்டதோ குறைந்ததோ ஸ்கேலில் மாட்டிக்கொள்ளும். "படிக்காதீங்க. படிக்க அதுல ஒண்ணும் இல்ல. வலது ஓரத்த மட்டும் பாருங்க" என்பார். திரையிலேயே செய்யலாமே என்று கேட்டால் காது கேட்காதவர்போல இருந்துவிடுவார்.

ஆனால் எல்லாம் ஸ்கேலில் மாட்டாது. நெல்லிக்குப்பத்தில் கரும்பு பயிரிடும் நம் கணேசன், ஆலைக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் சத்தத்தைப் பதிந்த கோப்பைத் திறக்க முடியாமல் ஒருமுறை நேரில் வந்துவிட்டார். "பைல் செத்துப்போச்சு மச்சான்" என்றார். சவரிமுத்து தாளை ஸ்கேலால் அளந்தார். ஒரு வரிகூடப் பிசகவில்லை. பிறகு, துண்டுகளை எந்த வரிசையில் ஒட்டினாய் என்று கேட்டார். கணினி காட்டிய வரிசையிலேயே ஒட்டியிருக்கிறார் கணேசன். "மச்சான், கம்ப்யூட்டருக்கு ஒண்ணுக்கு அப்புறம் பத்து, பதினொண்ணு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ரெண்டு வரும். நீ பத்தாவது வண்டிய ரெண்டாவதா உட்டுட்ட" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்தக் கதையை அதற்குப் பின் எத்தனை பேரிடம் சொன்னார் என்பது கணேசனுக்குத்தான் தெரியும்.

இனி என் கதை. இதைக் குழுவில் நான் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம்.

என் கணவரும் நம் குழுவில் இருந்தவர். ஒருமுறை சிதம்பரத்தில் எல்லோரும் கூடுவதாக ஏற்பாடானபோது, ரயில் நிலையத்திலிருந்து அண்ணாமலை நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரும் வழியை நான்கு நிமிடம் பேசிப் பதிந்து போட்டார். அவர் இறந்த பிறகு, அவர் குரல் என்று எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். மூலப் பதிவு, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த வருடம் கணினியோடு போய்விட்டது. நம் பழைய தளம் மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் அவசர அவசரமாக அந்தப் பன்னிரண்டு துண்டுகளையும் நகலெடுத்து வைத்தேன். தளமும் மூடியது. பிறகு திறந்து பார்த்தால், ஒரு நிமிடம் அவர் குரல் கேட்டது. அதன்பின் சூடான எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரே இரைச்சல்.

துண்டுகளைச் சவரிமுத்துவுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"நடுவுல எதாவது கை வச்சீங்களா?"

"இல்ல சார். சுத்தம்தான் பண்ணேன்."

"என்ன சுத்தம்?"

"வெறும் இங்கிலீஷ் ஏ எழுத்தாவே பக்கம் பக்கமா வந்துச்சு. காப்பி பண்ணும்போது ரிப்பீட் ஆயிடுச்சுன்னு எடுத்துட்டேன்."

அவர் திட்டாமல், மெதுவாகச் சொன்னார்: "அது உங்க வீட்டுக்காரரு பேசாம இருந்த நேரம்ங்க."

ஆய்வேடுகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ஒரே வரி இரண்டு முறை வந்தால் கை தானாக அடித்துவிடும். என் கணவரின் ஒலிப்பதிவுக் கருவி, பேச்சு நின்றால் சுத்தமான பூஜ்யத்தைப் பதியும். அந்தப் பூஜ்யங்கள் எழுத்தாக மாறும்போது வரிசையாக ஏ ஏ ஏ என்று விழும். நான் பிழை என்று நினைத்து வெட்டி எறிந்தது அவருடைய மௌனத்தை. வெட்டிய வரிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்த இடங்களில், ஒலியைக் குறிக்க ஜோடி ஜோடியாக நிற்க வேண்டிய எண்கள் ஜோடி மாறி, பின்னால் வந்த பேச்சும் இரைச்சலாகிவிட்டது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மறுநாள் பஸ் பிடித்துக் கடலூர் போனேன். அதற்குள் அவர் இரைச்சலை நீக்கியிருந்தார். குரல் முழுவதும் வந்துவிட்டது. ஆனால் ஐந்து இடங்களில் மூச்சுவிடாமல், ஒரு வாக்கியத்தின் மேல் இன்னொன்று ஏறி நின்றது. கோப்பின் தலைப்பகுதியில் மொத்த நீளம் எழுதியிருக்குமாம். அதைக் கணக்குப் பார்த்து வைத்திருந்தார்.

"எட்டு செகண்டு கொறையுது. எடம் அஞ்சு. எங்க எவ்வளவுன்னு பைலுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

"சமமா பிரிச்சுப் போட்டுடுங்க சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சமமா யாருங்க பேசுறாங்க? இருபது வருசம் கூட இருந்தீங்கல்ல. உக்காந்து யோசிங்க."

உட்கார்ந்தேன். ஸ்டேஷன் பெயருக்குப் பின் அரை நொடி போதும். வழி சொல்லும்போது அவர் வேகமாகத்தான் போவார். கீழவீதி திருப்பத்தில் இரண்டு நொடி, ஏனென்றால் வலமா இடமா என்பது அவருக்கு எப்போதும் குழப்பம், கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வார். பாலத்துக்கு ஒன்று. வீட்டு கேட்டுக்கு அரை. அதுவரை சுலபமாகச் சொல்லிவிட்டேன். கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது: "வீட்ல இருப்பாங்க, கதவத் தட்டுங்க." நாலு பேர் முன்னால் என் பெயரை அவர் சொன்னதே இல்லை. சொல்லலாமா என்று ஒருகணம் நிற்பார், பிறகு 'வீட்ல' என்று முடித்துக்கொள்வார்.

"மிச்சம் நாலு செகண்டு இருக்கு. அம்மாம் நேரமா? ஜாஸ்தியா இல்ல?" என்றார் சவரிமுத்து.

"இல்ல சார். அவ்வளவு ஆவும்."

வரிகளை எண்ணி எண்ணிச் சேர்த்தார். போட்டுக் காட்டினார். அந்த நான்கு நொடியும் கடந்து 'வீட்ல' என்று குரல் வந்தபோது நான் அழுதேன். மனு எழுத வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சவரிமுத்து எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினில் வெற்றுத்தாளைப் போட்டு ஓட்ட ஆரம்பித்தார். நான் முகம் துடைத்து முடிக்கும்வரை கடையில் அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

அவர் செய்தி வந்த அன்று, அடக்கத்துக்குக் கிளம்புமுன், ஸ்டெல்லாவின் இரண்டு அஞ்சல்களையும் அச்செடுத்து ஸ்கேல் வைத்து இழுத்தேன். நடுவில் ஒரு வரி குட்டையாக இருந்தது. போன் தானாகவே அஞ்சலின் அடியில் சேர்த்த விளம்பர வரி அது. அடிக்குமுன் கை நின்றது. இரண்டு முறை பார்த்து, இது சவரிமுத்துவைச் சேர்ந்ததல்ல என்று உறுதியான பிறகே நீக்கினேன். சாம்பல் நிறம் போய், கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்ட அவர் முகம் வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கும் கடலூர் போயிருந்தேன். முடிவில் எல்லோரையும் எழுந்து மௌனமாக நிற்கச் சொன்னார் பாதிரியார். சிறிது நேரத்திலேயே யாரோ இருமினார்கள், நாற்காலிகள் நகர்ந்தன, வெளியே பிரியாணி டப்பாக்களை இறக்கும் சத்தம் கேட்டது. அந்த ஸ்டீல் ஸ்கேலை ஸ்டெல்லா எனக்குக் கொடுத்திருந்தாள், கைப்பையில் இருந்தது. ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஸ்கேல் அல்ல. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்றேன். சவரிமுத்துவுக்கு எவ்வளவு ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். ஒரு வரியையும் வெட்டவில்லை.