மழைக்கு ஐந்து கிலோ

பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற கடைசித் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் நாகலெட்சுமியைத் தெரியாதவர்கள் கிடையாது. அதற்குக் காரணம் அவளுடைய உடம்பு. இருபத்திரண்டு வருடமாக விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு வரிசையில் நின்று, மலையேறிக் கொழுந்து பறித்து, சாக்கைத் தலையில் சுமந்து இறங்குகிறவளுக்கு நூற்றுப் பதினாறு கிலோ எப்படி வந்தது என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் வாய்விட்டே யோசித்தார்கள். ரொட்டியும் சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணீரும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அவளுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

நாற்பத்தேழு வயதில் சீனி வியாதி கண்ணைத் தொட்டது, முழங்கால் இரண்டும் மலையிறங்க மறுத்தன. கிளினிக்கில் பார்த்தவர்கள் கொழும்புக்கு எழுதிக்கொடுத்தார்கள். கொழும்பில் அவளுடைய இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து அனுப்பினார்கள்.

"நல்லா இருக்கிற வயித்தப் போயி யாராச்சும் வெட்டிக்குவாங்களா?" என்று கணவன் முத்துலிங்கம் போகும்போதும் கேட்டான், வரும்போதும் கேட்டான். அவனுடைய வயிறு நன்றாகத்தான் இருந்தது. அவனுக்கு அந்தக் கேள்வி சுலபம்.

ஆபரேசனோடு ஓர் ஆராய்ச்சியும் இருந்தது. இப்படி வயிற்றைச் சின்னதாக்கியவர்களுக்குப் பிறகு குடலில் என்னென்ன கோளாறு வருகிறது, நெஞ்செரிகிறதா, வாந்தி வருகிறதா, சாப்பிட்டது உடம்பில் ஒட்டுகிறதா என்று இரண்டு வருடம் பார்ப்பார்கள். நாகலெட்சுமி கையெழுத்துப் போட்டாள். சாப்பிட்டதைக் கொப்பியில் எழுத வேண்டும். திங்கட்கிழமை தோறும் நிறை பார்த்துப் போனில் சொல்ல வேண்டும். கேட்டு எழுதிக்கொள்வது செரீபா மிஸ். கண்டியில் பிறந்த தாதி, நல்ல தமிழ் பேசுவாள்.

"அம்மா, இந்தக் கிழமை வயித்தால எத்தன தரம் போச்சு?" என்று அவள் கேட்கும்போது நாகலெட்சுமிக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். கட்டின புருசன் உட்பட உலகத்தில் வேறு யாரும் அதை அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

நிறை பார்ப்பதில்தான் சிக்கல். தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு தராசு உண்டு. அதில் யார் ஏறினாலும் நாற்பத்தெட்டு காட்டும். பிள்ளைத்தாய்ச்சி ஏறினாலும் நாற்பத்தெட்டுதான், பெற்றுவிட்டு வந்து ஏறினாலும் அதேதான். ஆகவே நாகலெட்சுமி கொழுந்து மடுவத்துக்குப் போனாள். பறித்த கொழுந்தை நிறுக்கிற அந்தக் கொட்டகையில் தரையோடு ஒரு மேடைத் தராசு இருந்தது. இலக்கம் தெரிகிற முகம் கணக்கப்பிள்ளை கஜேந்திரனின் பக்கம் திரும்பியிருக்கும். அவர் பார்த்துச் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். தராசு வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

கஜேந்திரன் கெட்ட மனுசர் அல்ல. அந்தியில் சாக்கெல்லாம் நிறுத்து முடிந்ததும், "வாங்கக்கா, ஏறுங்க" என்று அவரே கூப்பிடுவார். அவள் ஏறுவாள். அவர் ஓர் இலக்கம் சொல்வார். அவள் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதுவாள்.

செப்டெம்பரில் ஆபரேசன். தைப்பொங்கலுக்கு நூறுக்குக் கீழே வந்தாள். பங்குனியில் மறுபடி கொழுந்துக்குப் போனாள். மே மாதக் கடைசியில் எண்பத்தாறு. முழங்கால் சொன்னபடி கேட்டது. சீனி மாத்திரை மூன்று ஒன்றானது. பத்து வருடத்துக்கு முந்திய சட்டையைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனாள். மனசு நிறைந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, கண்பட்டுவிடும் என்று.

ஜூனில் மழை பிடித்தது. முதல் திங்கள் கஜேந்திரன், "எம்பத்தி ரெண்டு" என்றார். அடுத்த திங்கள் மழை தகரத்தை உடைக்கிற மாதிரி பெய்தது. "எம்பது" என்றார்.

போனில் செரீபா மிஸ் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு கிழமையில ஆறு கிலோவா? வாந்தி எடுக்கிறீங்களா அம்மா?"

"இல்லீங்க மிஸ்."

"சாப்பிடுறீங்களா?"

"நல்லா சாப்பிடுறேங்க. கொப்பியில எழுதியிருக்கேன்."

அன்றிரவே டொக்டர் அழைத்து, செரீபாவைத் தமிழில் சொல்ல வைத்துப் பேசினார். இவ்வளவு வேகமாக இறங்கக் கூடாது. தைத்த இடம் சுருங்கியிருக்கலாம், சாப்பாடு ஒட்டாமல் போகலாம். புதன்கிழமை மாற்றுத்துணியோடு வர வேண்டும். வாய்வழியே குழாய் விட்டுப் பார்ப்போம். தேவைப்பட்டால் மறுபடி தியேட்டர்.

நாகலெட்சுமி பயந்துபோனாள். முதல் தடவை அவளாக விரும்பிப் போனாள். இரண்டாம் தடவை வெட்டினால் திரும்பி வரமாட்டோம் என்று மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. மிச்சம் இருந்ததே வாழைப்பழம் அளவுதான். அதில் வெட்ட என்ன இருக்கிறது?

எண்பது என்ற இலக்கம் லயத்துக்குத் தெரிந்த அரைமணி நேரத்தில் எல்லோருக்கும் அவளுடைய நோய் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. "அதானே பாத்தேன், கன்னம் ஒட்டிப்போச்சு" என்றான் முத்துலிங்கம். முந்தாநாள் வரை அவன் கன்னத்தையே பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு நிஷாந்தி நோயாளியைப் பார்க்க வருகிற முறைப்படி பால்மாப் பெட்டியும் கிரீம் பிஸ்கட்டும் வாங்கிவந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு வீட்டார் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. "ஒரு மொடக்கு குடி அக்கா, தெம்பு வரும்" என்று சீனி கரைத்த மாப்பாலைத் தாங்களே கலக்கி, குடிக்கிற வரைக்கும் நின்றார்கள். முகத்தை முறித்து வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. சின்ன வயிற்றுக்குச் சீனி ஆகாது. நெஞ்சு படபடத்தது, வேர்த்துக் கொட்டியது, அத்தனையையும் வாந்தியெடுத்தாள்.

"பாத்தியா?" என்றான் முத்துலிங்கம்.

புதன்கிழமை இருட்டோடு பஸ் ஏறி, நாவலப்பிட்டியில் ரயிலுக்கு மாறி, கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழி நெடுக அவன் அவளுடைய துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தான். சண்டை போடவில்லை. அதுவே அவளுக்கு மேலும் பயமாக இருந்தது.

வார்டில் தராசில் ஏற்றினார்கள். எண்பத்தாறு.

செரீபா மிஸ் அவளை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். எண்பத்தாறு. அடுத்த வார்டுத் தராசை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதுவும் அதையே சொன்னது. டொக்டர் வந்தார். இரண்டு நாளில் ஆறு கிலோ ஏறியிருக்கிறது என்றால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். கால் அமுங்கவில்லை. சின்ன டொக்டர்கள் ஐந்து பேர் வந்து ஆளுக்கொரு தரம் அமுக்கினார்கள். ஈரல், இதயம் என்று சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். முத்துலிங்கம் வாசலில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

கடைசியில் செரீபா மிஸ் கட்டிலில் உட்கார்ந்து, "அம்மா, தோட்டத்துல நிறை எப்படிப் பாக்குறீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள்.

நாகலெட்சுமி மடுவத்தைச் சொன்னாள், தராசைச் சொன்னாள், கஜேந்திரன் பார்த்துச் சொல்வதைச் சொன்னாள். பிறகு, அதில் மறைக்க என்ன இருக்கிறது என்ற குரலில், "வெயில் நாள்ல ரெண்டு கிலோ வெட்டுவாங்க. மழைன்னா அஞ்சு. ரொம்ப அடிச்சுப் பேஞ்சா ஏழு" என்றாள்.

"எதுக்கு வெட்டுறாங்க?"

"சாக்குக்கும் தண்ணிக்குங்க மிஸ்."

"நீங்க சாக்கோட ஏறுவீங்களா?"

"இல்லீங்க. நான் சும்மாதான் ஏறுவேன்."

கஜேந்திரன் வேண்டுமென்று செய்ததல்ல. பதினோரு வருடமாகத் தராசில் தெரிகிறதைப் பார்ப்பதும் கழிப்பதும் சொல்வதும் அவருக்கு ஒரே மூச்சு. மேலே நிற்பது சாக்கா மனுசியா என்று அவருடைய வாய் பார்ப்பதில்லை. மே மாதத்தில் எண்பத்தாறு என்று அவர் சொன்ன அன்று அவள் எண்பத்தெட்டு.

செரீபா அதைச் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இது எத்தனை வருடமாக நடக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

"என் உடம்புக்கு ஒன்பது மாசமாங்க. கொழுந்துக்கு இருபத்திரெண்டு வருசமா."

"யாரும் கேக்கலையா?"

"கொழுந்து நிறை எறங்கினதுக்கு யாரு போன் பண்ணிக் கேப்பா மிஸ்?" என்றாள் நாகலெட்சுமி. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. கண் கலங்கியது. குழாய் விடமாட்டார்கள் என்ற நிம்மதியில் அழுகிறாள் என்று முத்துலிங்கம் நினைத்தான். அவனும் கொஞ்சம் அழுதான்.

டொக்டர் தோட்டத்து மனேஜர் துரைக்குக் கடிதம் எழுதினார். இந்த நோயாளி ஆராய்ச்சியில் இருப்பவர். தராசில் அவர் ஏறி நிற்கும்போது காட்டும் நிறையிலிருந்து எக்காரணம் கொண்டும் எதையும் கழிக்கக் கூடாது. இலக்கத்தை அவரே தம் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். கீழே கையெழுத்தும் இரண்டு முத்திரையும்.

திங்கட்கிழமை மழை. துரை அனுப்பிய கடிதம் கஜேந்திரனின் சட்டைப் பையில் இருந்தது. நாகலெட்சுமி தன் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, "மொதல்ல என்னைய நிறுங்க" என்றாள். அவர் தராசின் முகத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தார். எண்பத்தாறு. இருபத்திரண்டு வருடத்தில் அந்த முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பச்சை நிறத்தில், சின்னப் பிள்ளைக்கும் வாசிக்கத் தெரிகிற அளவு பெரிதாக இருந்தது.

"சரிக்கா, எறங்குங்க" என்று கஜேந்திரன் தராசின் முகத்தைத் திருப்பக் கையை நீட்டினார். அவள் இறங்கினாள். அவர் திருப்புவதற்குள் தன் கொழுந்துச் சாக்கை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள்.

"அக்கா, என்ன இது?"

"தராசுல நான்தானே நிக்கிறேன். என்கிட்ட இருந்து எதையும் வெட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கில்ல? வாசிங்க."

அவர் கடிதத்தை எடுத்து வாசித்தார். திருப்பியும் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தராசு நூற்றைந்து காட்டியது.

"எம்பத்தாறு போக பத்தொம்பது" என்றாள் நாகலெட்சுமி. "வெறும் சாக்கு அரைக் கிலோ. அத வெட்டிக்கிங்க, அது ஞாயம்."

பதினெட்டு இருந்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், முழுநாள் சம்பளம். இல்லாவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மழைக்காலத்தில் முழுப்பேர் விழுந்த நாளை அவள் விரல்விட்டு எண்ணிவிடலாம். கஜேந்திரன் மழையைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பதினெட்டரை என்று எழுதினார்.

நாகலெட்சுமி இறங்கினாள். வரிசையில் அடுத்து நின்ற நிஷாந்தி, சாக்கைக் கீழே வைத்துவிட்டுத் தான் மட்டும் தராசில் ஏறி நின்றாள்.

"உனக்கு எதுக்குடி? நீ என்ன ஆபரேசன் பண்ணிக்கிட்டியா?" என்றார் கஜேந்திரன்.

"பண்ணிக்கலாமான்னு யோசிக்கிறேங்க. எத்தன கிலோ இருக்கேன்னு பாப்போம்" என்று அவள் இலக்கத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டாள். பிறகு இறங்கிச் சாக்கைத் தூக்கினாள்.

அவளுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் இரண்டு தரம் ஏறினாள். கீழே கொழுந்து லொறிக்காரன் விட்டு விட்டு ஹோர்ன் அடித்தான். அன்றைக்கு லொறி தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் பிந்தியது.