ஹாரன் அடிக்காத மூன்று வளைவுகள்

வகுப்பில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது "இங்க பாரு, கவனம் எங்க இருக்கு?" என்று கத்துகிறவள் நான். முப்பது வருடமாக அதைச் சொல்லியே சம்பளம் வாங்கியிருக்கிறேன். அதனால் புதுக் கார் என்னைப் பார்த்து அதையே சொன்னபோது சுள்ளென்று கோபம் வந்தது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கண் இருக்கிறது. அது சாலையைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவளின் கண்ணைப் பார்க்கிறது. பார்வை கொஞ்சம் நகர்ந்தால் 'கிங், கிங்' என்று மணியடிக்கும். இமை கனத்தால் திரையில் ஒரு காப்பிக் கோப்பை வரும், ஓய்வெடுக்கச் சொல்லி ஒரு வரியும் வரும். பெரிய சாலையில் கோடு போட்டிருக்கிற இடங்களில் கார் தானே ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பிக்கொண்டு கோட்டுக்குள் போகும். அதை நம்பி நான் வேடிக்கை பார்த்துவிடக் கூடாதாம், அதற்குத்தான் இந்தக் காவல். மலையடிவாரத்து ஈப்போ நகரில் காரை விற்றவர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு, "டீச்சர், உங்களுக்கு ஒரு துணை மாதிரி லா," என்றார். துணைக்கு வீட்டில் ஒருவர் இருக்கிறார், அவரே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஒருவர், என் கணவர், மூன்று வருடமாகக் கார் ஓட்டுவதில்லை. சர்க்கரை அவர் பார்வையில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், ஆள் தெரியாது. மலைமேல் தானா ராத்தா ஊரில் எங்கள் வீட்டில் இப்போது ஓட்டுகிறவள் நான் ஒருத்திதான். என் தமிழ்ப்பள்ளி தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது, அங்கே பஸ் போகாது. ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டால் டவுன் பள்ளிக்கு மாற்றல் கேட்க வேண்டியதுதான். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில் என் ஒன்றாம் வகுப்பை விட்டுப் போக எனக்கு மனசில்லை.

முதல் நாளே, பள்ளி விட்டுத் திரும்புகையில், காப்பிக் கோப்பை மூன்று தடவை வந்தது. எனக்கா தூக்கம், உனக்குத்தான் மண்டையில் கோளாறு என்று காரைத் திட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காருக்கு, எங்கள் பேச்சில் காடிக்கு, பூசை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், தேங்காய், ஆரத்தி. பூசாரி தாராள மனசுக்காரர். பானெட்டில் பொட்டு, கதவில் பொட்டு, ஸ்டீயரிங்கில் பொட்டு. கடைசியில் அந்தக் கறுப்பு வட்டத்தைக் காட்டி, "இது என்னாம்மா?" என்றார்.

"அது கேமரா ஐயா. காடியோட கண்ணு."

"கண்ணுன்னா கண்டிப்பா வைக்கணும் லா," என்று அதன்மேல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார்.

அன்றோடு கார் ஊமையானது. திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு சின்னக் குறி மட்டும் நின்றது. கேமரா மறைந்திருக்கிறது, துடைக்கவும் என்று அதற்கு அர்த்தம். கையேட்டில் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். கோயிலில் வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? வெள்ளிக்கிழமைதோறும் என் கணவர் தடவித் தடவி அதே இடத்தில் புதுப் பொட்டு வைத்தார். கண்ணை மூடிக்கொண்ட பூனை பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். நான் அதைவிடக் கெட்டிக்காரி, காரின் கண்ணை மூடிவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

உண்மையில் எனக்குத் தூக்கம் வந்துகொண்டுதான் இருந்தது. மூக்கடைப்புக்கென்று ஒரு மாத்திரையைக் காலையும் மதியமும் மாதக்கணக்காக விழுங்கிவந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல், இரண்டு பக்கமும் ஒரே பச்சையாகப் போய்க்கொண்டிருக்கையில் கண் செருகும். சில நாள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன், கடந்து வந்த ஒரு வளைவுகூட ஞாபகத்தில் இருக்காது. பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

தோட்டத்துப் பாதையில் ஒரு வண்டிக்குத்தான் இடம், ஒரு பக்கம் பள்ளம். கோடு கிடையாது, அதனால் அங்கே ஸ்டீயரிங்கைக் கார் கைகழுவிவிடும், கறுப்புக் கண்ணின் காவல் மட்டும்தான் மிச்சம். எதிரே கொழுந்து ஏற்றிய லாரி வரலாம் என்பதால் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் ஹாரன் அடித்தாக வேண்டும். கோயிலிலிருந்து பெரிய சாலைக்குப் பதினொரு வளைவு.

இன்னொரு ஞாயிறு, அன்னதானம் சாப்பிட்டுவிட்டு அந்த வழியே திரும்பினோம். பாதி வழியில் கணவர் திடீரென்று, "நாளைக்கு ஒண்ணாம் வகுப்புக்கு என்னா பாடம்?" என்றார். "ஞாயித்துக்கிழமைகூட என்னை விடமாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். எதிரே வண்டி எதுவும் வரவில்லை, கார் எங்கும் உரசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் காப்பி கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பெரிய சாலையிலேயே 'கிங்' என்றது. பார்த்தால் கறுப்புக் கண் பளபளவென்று இருக்கிறது. மதியம் திரும்புகையில் காப்பிக் கோப்பை வந்தது, போனது, மறுபடியும் வந்தது. கைப்பையைக்கூட வைக்காமல் வீட்டுக்குள் நின்று கத்தினேன்.

"காடியில இருந்த பொட்ட யாரு தொடச்சது?"

"நான்தான்."

"என்னங்க இது, சாமி பொட்டு!"

"கேமரான்னு தெரியும்மா. பூசாரிகிட்ட நீ சொன்னது எனக்கும் கேட்டுச்சு. உனக்குத்தான் அந்தச் சத்தம் புடிக்கலியேன்னு வச்சுக்கிட்டே இருந்தேன்."

அவரே தொடர்ந்தார். "எனக்குப் பாதை தெரியாது. நீ அடிக்கிற ஹாரன எண்ணிக்கிட்டுத்தான் வருவேன். பதினொண்ணு ஆச்சுன்னா பெரிய ரோடு. நேத்து நாலுக்கு அப்புறம் மூணு வளைவுக்கு ஹாரனே இல்ல. உன் கை பழக்கத்துலயே திருப்ப, காடி மட்டும் வளைஞ்சு வளைஞ்சு போச்சு. உன் மூச்சு தூங்குற மூச்சு."

"எழுப்ப வேண்டியதுதானே!"

"கத்துனா பதறி ஸ்டீயரிங்க ஒடிச்சிருவ. அதான் கதவுப் பிடியப் புடிச்சுக்கிட்டு, பாடம் என்னான்னு மெதுவா கேட்டேன்."

கைப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். "வீட்டுக்கு வந்தப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னதால நீ ஸ்கூல விட்டதா இருக்க வேணாம். அந்தக் காடியே சொல்லட்டும்னு தொடச்சேன்."

மூன்று வளைவு. பார்வை இல்லாத மனிதர், ஒரு பக்கம் பள்ளம் என்று தெரிந்தும், கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்போதும் என் பள்ளியைப் பற்றி யோசித்திருக்கிறார். எனக்கு வந்த வெட்கத்துக்கும் அழுகைக்கும் அளவே இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளினிக்குக்குப் போனேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். அந்த மாத்திரையே தூக்கம் வரவைக்கும் ரகம், அதைப் போட்டுக்கொண்டா மலைச் சாலையில் ஓட்டினீர்கள் என்று டாக்டர், என் மகள் வயதுக்காரி, என்னை நிற்கவைத்துத் திட்டினாள். என் வாழ்க்கையில் நான் திருப்பிப் பேசாமல் கேட்ட திட்டு அது ஒன்றுதான். வேறு மருந்து கொடுத்து, பழையது உடம்பை விட்டுப் போகும்வரை ஓட்டக் கூடாது என்றாள். ஒரு வாரம் சக ஆசிரியை ஒருத்தியின் காரில் போய்வந்தேன்.

மாற்றல் கேட்கவில்லை. இப்போதும் எப்போதாவது காப்பிக் கோப்பை வந்தால் பாதை அகலமாக இருக்கும் இடத்தில் ஓரங்கட்டிக் கால் மணி நேரம் தூங்குகிறேன். கொழுந்து வெட்டும் வங்காளதேசத்துக்காரர்கள் முதல் தடவை பயந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினார்கள். இப்போது பழகிவிட்டது, சிரித்துக்கொண்டு போகிறார்கள். வெள்ளிக்கிழமைப் பொட்டைக் கணவர் ஸ்டீயரிங்கோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஞாயிறுகளில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறேன், வேண்டியதற்கு மேலேயே நீட்டி அடிக்கிறேன். போன வாரம் ஏழாவது வளைவைத் தாண்டியதும் அவர் கை எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். கதவுப் பிடியில்தான் இருந்தது.

'கிங்' என்றது கார்.

"என்னப் பாக்காத," என்றார் அவர். "ரோட்டப் பாரு."