ஜெஸீமா கொடுத்த பால்

கல்முனைக்குடியில் ஒரு வீட்டில் மீன் கருகினால், நாலு தெருவுக்கு அப்பால் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் தன் நோயை மூடி வைத்துக்கொண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டிய ஓர் ஆளை நினைத்து நினைத்து உருகினாள். அவள் பெயர் ஜெஸீமா.

அவளுடைய கணவன் காலிதீன் சுனாமிக்கு முன் கட்டாரில் லொறி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். 2009 தொடக்கத்தில் மறுபடி போவதற்காகக் கொழும்பில் மெடிக்கல் எடுத்தான். ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்து, டொக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டான். ரத்தத்தில் எச்.ஐ.வி இருந்தது. அதை மனைவியிடம் சொல்லும்போது காலிதீன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கட்டாரில், ஒரே ஒரு தடவை என்றான். ஒரு தடவையோ ஒன்பது தடவையோ, சண்டை பிடிக்க அவளிடம் தெம்பில்லை. அப்போது அவள் கர்ப்பம். சுனாமிக்குப் பிறகு வயிறு திறக்காமலே இருந்து, ஓதியும் நேர்ந்தும் கிடைத்த பிள்ளை.

மட்டக்களப்பில் ஒரு கிளினிக்கில் அவளுடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது. அங்கிருந்த டொக்டர் நல்ல மனுசி. நாள் தவறாமல் மருந்துக் குளிசை குடித்து, ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்து, தாய்ப்பாலுக்குப் பதில் பால்மா கொடுத்தால், வயிற்றுப் பிள்ளைக்குப் போகாமல் பெரும்பாலும் காப்பாற்றலாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். இதற்கு முன் எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்றும் கேட்டார். ஒரு மகன், கைக்குழந்தையாகவே சுனாமியில் மௌத்தாகிவிட்டான் என்றாள் ஜெஸீமா. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் அவள் பால் கொடுத்தது அந்த மகனுக்கு மட்டுமல்ல.

கடல் வந்த அன்று தப்பியவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தார்கள். மகனை இழந்த ஜெஸீமாவின் மார்பு பால் கட்டிக் கல்லாகிவிட்டது. அதே மண்டபத்தில் சைக்கிள் கடைக்காரர் ஷரிபுதீன், தாயைக் கடலுக்குக் கொடுத்த பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடியே இருந்தார். ஊட்டிய சீனித் தண்ணீரைத் துப்பிவிட்டுக் குழந்தை கத்தியது. ஜெஸீமா எழுந்து போய்க் கையை நீட்டினாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குழந்தைதான் றினோஸா. பல்லு முளைத்து, நடை பழகும் வரைக்கும் அவள் பாலிலேயே வளர்ந்தது. மார்க்கப்படி ஜெஸீமா அதற்குப் பால் உம்மா. அவள் பெறுகிற பிள்ளைகள் றினோஸாவுக்குக் கூடப்பிறந்தவர்கள். தங்களுக்குள் கலியாணம் முடிக்கக்கூட முடியாது. ஷரிபுதீன் வேறு கலியாணம் முடித்த பிறகும், வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மகளைச் சைக்கிளில் கூட்டி வந்து காட்டிவிட்டுப் போவார்.

அந்த வெள்ளிக்கிழமைகள் இப்போது அவளுக்கு நரகமாகின. பிள்ளை இருமினால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தலை பின்னுகிற சாக்கில் கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவினாள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தாள். ஒரு முறை முழங்காலில் ஆறாத புண் ஒன்றைக் கண்டுவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சைக்கிளிலிருந்து விழுந்த புண் என்று பிள்ளையே சொல்லியும் மனம் கேட்கவில்லை. உயிரைக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எதைக் கொடுத்தேனோ என்ற பயம் அவளை விடவில்லை.

அடுத்த முறை டொக்டரிடம் உடைத்துச் சொன்னாள். பாலில் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம், ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார் டொக்டர். இருந்தால் பிள்ளைகளுக்கும் மருந்து உண்டு, பிந்தினால்தான் ஆபத்து. தகப்பனைக் கூப்பிட்டுத் தானே சொல்லவும் தயார் என்றார். பால் கொடுத்தவள் நான், நானே சொல்கிறேன் என்று ஜெஸீமா வந்துவிட்டாள். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பையைக் கவிழ்த்து, குளிசைப் போத்தலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தான். குண்டு தேடியவனுக்கு அது வெறும் குளிசை. அவளுக்கோ, கூட வந்தவர்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்று வேர்த்துக் கொட்டியது.

காலிதீன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

“சொன்னா இந்த ஊருக்குள்ள இரிக்கேலா, ஜெஸீமா. நாளைக்கி நம்மட புள்ளயயும் ஒருத்தரும் தொடமாட்டாங்க.”

அதில் பொய் இல்லை. அதனால்தான் அவள் மேலும் சில வெள்ளிக்கிழமைகளை வாய் திறக்காமல் கழித்தாள். அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன கிழமை வீதியில் பட்டாசு வெடித்தது. இனிப் பயமில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சல் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை றினோஸாவைக் கோழிக்குஞ்சு பார்க்க வளவுக்கு அனுப்பிவிட்டு, அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஷரிபுதீனை உட்காரச் சொன்னாள். காலிதீன் எழுந்து வெளியே போய்விட்டான்.

“காக்கா, எனக்கு எச்.ஐ.வி இரிக்கி. இவர்ர மெடிக்கல்லதான் தெரிய வந்த. நான் பால் குடுத்த நேரமே இருந்திரிக்கும். மட்டக்களப்பு கிளினிக்ல புள்ளக்கி ரத்தம் பாக்கணும், சுணங்கப்படா.”

ஷரிபுதீன் எழுந்து மகளைக் கூப்பிட்டுச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு தெருவில் யார் சிரித்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்தாள். இரவல் போன சுளகு திரும்பி வரச் சுணங்கினால், விஷயம் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். ஊர் என்னவோ அமைதியாகத்தான் இருந்தது. ஷரிபுதீன் வெளியில் மூச்சு விடவில்லை. பிள்ளையைக் கூட்டி வந்தார் என்று மட்டும் டொக்டர் சொன்னார். முடிவைத் தகப்பன்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டார்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்கு முன் ஷரிபுதீன் தனியாக வந்து வாசலில் நின்றார். சைக்கிளில் பிள்ளை இல்லை.

“புள்ளக்கி ஒண்டுமில்ல, தங்கச்சி.”

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார். அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஷரிபுதீன் போகாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் மனைவியிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது, தொட்டால் ஒட்டாது என்று டொக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை, இனிப் பிள்ளையை இங்கே கூட்டி வர முடியாது என்றார். ஜெஸீமா இதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். எதிர்பார்த்ததால் வலி குறைந்துவிடவில்லை.

“கூட்டி வராட்டியும் போகுது, காக்கா. ஆனா என்ட வயித்தில இரிக்கிற புள்ள அவட கூடப்பொறந்ததுதான். அவ பெரிசான பொறகு அத மட்டும் மறைச்சிராதீங்க.”

“ஓம்” என்றார் ஷரிபுதீன். சைக்கிளை எடுத்துத் தெருப் படலை வரைக்கும் உருட்டிப் போனவர், அங்கே நின்று திரும்பினார்.

“அந்தப் புள்ளட ரத்தம் பாத்த உடன, எனக்கும் சொல்லி அனுப்புங்க.”