சித்தப்பா எறிந்த மண்ணாங்கட்டி

சிறுவயதில் ஒருமுறை சித்தப்பாவோடு நான் ஒரு வருடம் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் இதில் வெட்கக்கேடு. கோபத்தைக்கூடச் சரியான விலாசத்துக்கு அனுப்பத் தெரியாத ஆள் நான். பிற்காலத்தில் எழுத வந்ததில் ஆச்சரியமில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் வாத்து மேய்ப்பவர்கள். அறுப்பு முடிந்த வயல்களில் சிந்திக் கிடக்கும் நெல்லுக்கும் நத்தைக்கும் ஆற்றோரமாக மந்தையை ஓட்டிக்கொண்டே போவார்கள். புலவர்கள் அன்னத்தைத்தான் தூது அனுப்பினார்கள். வாத்தை ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் நம்பினோம். அரிசி, பருப்பு, என் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் வாத்து முட்டையில் வந்தவைதான்.

வருடத்துக்கு ஒருமுறை ஏரலுக்கு மேற்கே ஒரு வயலில் இரண்டு மந்தையும் சேரும். சிறகில் பூசிய சாயம்தான் அடையாளம். எங்களுடையது சிவப்பு, சித்தப்பாவுடையது பச்சை. வரும்போது எனக்குக் கருப்பட்டி மிட்டாய் கொண்டுவருவார். மந்தை சேர்வதன் முழு அர்த்தமும் எனக்கு அந்தப் பொட்டலம்தான்.

அந்த வருடம் அவர் மந்தை இல்லாமல் தனியாக வந்தார். வாய்க்காலுக்கு அந்தப்பக்க வரப்பிலேயே நின்றுகொண்டார். கையில் பொட்டலம் இருந்தது.

“அண்ணே, என் வாத்தெல்லாம் சாவ ஆரம்பிச்சிட்டு,” என்றார். “கண்ணு ஒட்டிக்கிடுது, பச்சையாக் கழியுது. நீ இன்னைக்கே ஊசி போட்டுரு.”

அப்பா வாய் திறப்பதற்குள் நான் வாய்க்காலில் இறங்கிவிட்டேன். முழங்காலளவு தண்ணீர். பொட்டலத்தை நெருங்கும் நேரம், சித்தப்பா குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து என் நெஞ்சைப் பார்த்து எறிந்தார்.

“வராதலே. அங்கனயே நில்லு. கரையேறுனா காலை ஒடிச்சிருவேன்.”

என்னைத் தோளில் சுமந்து திரிந்த மனிதர். மண்ணாங்கட்டி பட்டதுமே உதிர்ந்துவிட்டது, வலிக்கவில்லை. பொட்டலத்தைத் தூக்கியாவது போட்டிருக்கலாமே என்றுதான் அழுதேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். வேண்டாம் மதினி என்று திரும்பி நடந்தார். அப்பா தடுக்கவில்லை. ஏதோ சொத்துத் தகராறு என்று முடிவு கட்டினேன். எங்களுக்குச் சொத்தே கிடையாது என்பது அப்போது தோன்றவில்லை.

அன்றே அப்பா கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் மருந்தை வாங்கிக்கொண்டு, கூடவே ஊசி போடுகிறவரையும் கூட்டிவந்தார். வந்தவர் செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிவிட்டுத்தான் பட்டிக்குள் நுழைந்தார். மிச்ச ஐஸை நான் கேட்டேன். முதுகில் ஒன்று கிடைத்தது. அப்புறமும் வாத்துகளை வாய்க்காலில் இறக்கவில்லை. குண்டானில் தண்ணீர் வைத்தோம். பட்டி வாசலில் சுண்ணாம்புத் தூளைப் பரப்பி, அதை மிதித்துத்தான் உள்ளே போனோம். முட்டை வியாபாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு வாத்து கண்ணை மூடினால் போதும், அப்பா பதறிப் போய்த் தூக்கிப் பார்ப்பார். அது தூங்கிக்கொண்டிருக்கும். அதன்பின் அதுவும் தூங்காது.

எங்கள் மந்தை தப்பித்தது. சித்தப்பாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சீக்கு வாத்தைப் பாதி விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்களாம். ஒன்றைக்கூடக் கொடுக்காமல் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பைப் போட்டு மூடியிருக்கிறார். பிறகு வாழைத்தார் சுமக்கப் போய்விட்டார். அந்த வருடம் முழுக்க எங்கள் பக்கம் வரவேயில்லை. என் மௌனம் வீணாகப் போனது.

அடுத்த அறுப்பு சமயத்தில் அப்பா எங்கள் வாத்துகளைப் பிடித்துப் பிடித்துச் சிறகில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். மந்தையில் பாதிக்குப் பூசினார். சிவப்பு தீர்ந்துபோயிற்றாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சித்தப்பா வந்து அந்தப் பச்சை வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனார். போகிறபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தகராறு இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று எண்ணினேன்.

போன பொங்கலுக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். அன்றைக்கு என்னைக் காப்பாற்றத்தானே மண்ணாங்கட்டியை எறிந்தீர்கள் என்று உருக்கமாகக் கேட்டேன். கண்கூடக் கலங்கியது, எனக்கு.

“ஒன்னையா?” என்றார். “ஒனக்கு அந்தச் சீக்கு எங்கலே வரும்? என்னைத் தொட்டுட்டுப் போயி வாத்துக்குள்ள நிப்பியேன்னுதான் எறிஞ்சேன்.”

அப்படியானால் அந்த மிட்டாய் என்னவாயிற்று என்று கேட்டேன்.

“பசிச்சுது. நடந்துக்கிட்டே தின்னுட்டேன்.”