மாப்பிள்ளைக்குத் தடை செய்த சொற்கள்

விமான நிலையத்தில் இருந்து வில்லரேயில் இருக்கும் எங்கள் வீடு வரும்வரை, வருங்கால மருமகனுக்குக் கெட்ட வார்த்தை வகுப்பு எடுத்தேன். சொல்லப் பழக்குவதற்கு அல்ல, சொல்லாமல் இருக்கப் பழக்குவதற்கு.

பையன் லண்டனில் பிறந்து வளர்ந்தவன். தங்கமான பிள்ளை, ஆனால் வசனத்துக்கு ஒரு 'ப்ளடி' போடாவிட்டால் அவனுக்கு மூச்சு வராது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தான் வருகிறார். அத்தான் என்றால் என் மனைவியின் அண்ணன். தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்தவர். நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் தன் வீட்டு பேஸ்மென்றில் எங்களை வைத்திருந்தவர். அவர் ஓம் சொல்லாமல் மகளின் கல்யாணப் பேச்சே இல்லை என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். முன்பு ஒரு மாப்பிள்ளையை, கதிரையில் இருந்த விதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

அத்தான் படித்தது யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய மிசன் பள்ளிக்கூடம். அங்கே 'ப்ளடி' என்றால் பிரம்படி. அந்த ஆங்கிலத்தை அவர் மடிப்புக் குலையாமல் வைத்திருக்கிறார். லண்டனில் அந்தச் சொல் தேய்ந்துபோய், பஸ் பிந்தினால்கூடக் கிழவிகள் சொல்லும் சொல்லாகிவிட்டது என்று அவருக்கு யார் விளங்கப்படுத்துவது?

எனக்கு அது தெரியும். கனடாவுக்கு முன் லண்டனில் ஒரு பிஸ்கட் கிடங்கில் பெட்டி அடுக்கியவன் நான். சேர்ந்த புதிதில் எல்லாரும் என்னோடு வெகு மரியாதையாகக் கதைத்தார்கள். நானும் மடையன், பூரித்துப்போனேன். ஒருநாள் பெட்டியை என் காலிலேயே போட்டுக்கொண்டபோது மேற்பார்வையாளர், "யூ டாஃப்ட் சொட்!" என்றார். எங்கள் 'விசரா', 'பைத்தியக்காரா' மாதிரி. அன்றைக்குத்தான் தேநீர் நேரத்தில் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்கள். அந்த ஊரில் மரியாதை வாசலோடு சரி. திட்டு விழுந்தால்தான் உள்ளே எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதையும் காரில் அவனுக்குச் சொன்னேன். அவன் தன் சந்தேகங்களைக் கேட்டான்.

"அங்கிள், 'ப்ளைமி' ஓகேயா?"

"அது எங்கடை 'அடேயப்பா' தான். எண்டாலும் வேண்டாம்."

"'பகர்'?"

"கையிலை இருந்து ஏதும் விழுந்தால் சொல்லுறது. ஒண்டையும் விழுத்தாதையும்."

"'பொல்லொக்ஸ்'?"

"'சுத்தப் பொய்' எண்டு அர்த்தம். ஆனா அது உடம்பிலை எந்த இடமெண்டு சாப்பிட வாற மாமாவுக்குத் தெரியும், தம்பி."

"அப்ப நான் என்ன சொல்லுறது?"

"ஓம். இல்லை. நன்றி."

பையன் கெட்டிக்காரன். சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

"தம்பி, லண்டன் எப்பிடி?" என்றார் அத்தான், சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்தபடி.

"ஓம்."

"என்ன ஓம்?"

"நன்றி."

மேசைக்குக் கீழே மகளின் கால் என் முழங்காலில் விழுந்தது. "அப்பா, அவரை என்ன செய்தனீங்கள்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். நான் பருப்பைப் பார்த்தேன்.

அத்தான் கையை இலேசாக உதறினார். "தங்கச்சி, இந்தப் பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லை அண்ணை, அவருக்கு வெக்கம்."

"வெக்கமோ? வாயைத் திறக்காதவன் எதையோ மறைக்கிறான்." தட்டைத் தள்ளி வைத்தார். மனைவியின் அகப்பை குழம்புக்கு மேலே அப்படியே நின்றது. மகளின் கண் நிரம்பிவிட்டது. பையன் என்னைப் பார்த்தான். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அந்த நேரம் தெருவில் ஊளைச் சத்தம் எழுந்தது. பனி அள்ள வருமுன், வழியில் நிற்கிற கார்களை இழுத்துப்போகிற வண்டி. வீட்டோடு கார் விட இடமுள்ள அத்தானுக்கு இந்தத் தெருத் தொல்லை பழக்கமில்லை. கார் விடக்கூடாது என்ற செம்மஞ்சள் அறிவிப்பைக் காலையிலேயே நான் கண்டிருந்தேன். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். தலை முழுக்கப் பகரும் சொட்டும்.

"என்ரை கார்!" என்று அத்தான் எழும்பினார். நான் காலுறையோடு ஓடினேன். எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு பையன் பாய்ந்தான். காரின் முன்சில்லு ஏற்கெனவே தரையை விட்டு எழும்பியிருந்தது. பனிக் குவியலில் ஏறி வண்டிக்கு முன்னால் நின்று அவன் கத்தினான்:

"ப்ளடி ஹெல், மேட்! தட்ஸ் மாமாஸ் கார்! பகர் ஓஃப்!"

"தபர்நாக்!" என்றான் வண்டிக்காரன். பிரெஞ்சு பேசும் இந்த ஊர்க்காரருக்குத் திட்டுவதென்றால் கோயில் சாமான்தான். அது தேவாலயத்தில் நற்கருணை வைக்கிற பெட்டியின் பெயர். பையன் ஒரு 'சொட்' எறிந்தான். அங்கிருந்து பூசைக் கிண்ணத்தின் பெயர் வந்தது. ஒருவர் பாசை மற்றவருக்குத் தெரியாது, ஆனால் ஒன்றுமே விளங்காமல் போகவில்லை. கடைசியில் வண்டிக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரை இறக்கிவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டினான்.

காரை மறுபக்கம் விட்டுவிட்டு வந்த அத்தான் நேரே என்னிடம் வந்தார்.

"அந்த வண்டிக்காரனுக்கு இவர் என்ன சொன்னவர்?"

"தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ எண்டு..."

"எனக்கு இங்கிலீசு தெரியாதெண்டு நினைச்சீரோ? அந்த முதல் சொல்லுக்குப் பள்ளிக்கூடத்திலை என்ரை உள்ளங்கை வீங்கினது."

வாசலில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பையன், "சொறி, மாமா" என்றான். பல் கிடுகிடுத்தது. அத்தான் அவனை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். பார்வை காலில் நின்றது. பனியில் வெறுங்கால்.

"சப்பாத்தும் போடாமல் ஓடி வந்தனியோ? ப்ளடி ஃபூல்! உள்ளுக்கை வாடா, கால் விறைக்கப் போகுது."

அவன் தோளில் கையைப் போட்டுக் கூட்டிப்போனார். "தங்கச்சி, இவ்வளவு நேரமும் ஒரு பொம்மையோடையெல்லோ என்னைச் சாப்பிட விட்டிருக்கிறாய். ஆள் இப்பத்தான் வந்திருக்கிறான். சோத்தைப் போடு. பேந்து கல்யாணத்துக்கு நாள் பாப்பம்."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் மட்டும் பனியில், நனைந்த காலுறையோடு நின்றேன். எத்தனை வருடமாக இந்த மனிதரோடு ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு 'ப்ளடி'கூட என் பக்கம் விழுந்ததில்லை.

அத்தான் வாசலில் திரும்பிப் பார்த்தார். இதோ விழுகிறது என்று காதைத் தீட்டினேன்.

"நீரும் உள்ளுக்கை வாருமன்," என்றார், வெகு மரியாதையாக.