மஸ்கட்டைக் கடந்து வந்த வெளிச்சம்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில், வருகிறவர்களுக்கு ரூம் போட்டுச் சாவி கொடுக்கும் வேலை எபனேசருக்கு. மனைவி ரெபேக்காள் நர்ஸ். விவாகரத்தான பிறகு மகள் சுஜிதாவை அழைத்துக்கொண்டு ரெபேக்காள் மஸ்கட்டுக்குப் போய்விட்டார். மகளுக்கு அப்போது ஏழு வயது. இப்போது பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"பள்ளிக்கூடம் எப்படிப் போவுது?"

"நல்லாருக்கு."

அதற்குமேல் பேச்சு ஓடாது. அவள் கண் வேறெங்கோ இருக்கும். போனை வைத்த பிறகுதான் எபனேசருக்குக் கேட்க வேண்டியதெல்லாம் நினைவுக்கு வரும்.

போன டிசம்பரில் ஒருநாள், ஞாயிறுகூட இல்லை, இருட்டுகிற நேரத்தில் அவளே கூப்பிட்டாள். குரலில் மூச்சிரைத்தது.

"அப்பா, ஸ்பேஸ் ஸ்டேஷன் எங்க தலைக்கு மேல போவுது! உள்ள ஆளு இருக்காங்களாம். இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க பக்கம் வந்துரும். வெளிய ஓடுங்கப்பா!"

சாவிக்காக நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினார். மலையையே காணவில்லை, அவ்வளவு மேகம். தூறல் முகத்தில் விழுந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. பளிச்சுன்னு இருந்துச்சு."

"எந்தப் பக்கம் போச்சு?"

அவர் மறுபடி மேகத்தை அண்ணாந்து பார்த்தார். "இல்லட்டி, பாக்கல. ஒரே மேகம். நீ சங்கடப்படுவியேன்னு சொல்லிட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். மகள் தன்னிடம் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

"நாளை கழிச்சு திரும்ப வருதுப்பா. விட்டுராதீங்க."

அவள் சொன்ன நாள் சாயங்காலம், கூட வேலை பார்க்கும் விஜயசங்கரிடம் கேட்டார். "அண்ணாச்சி, கொஞ்ச நேரம் பாத்துக்கிடுங்க."

"எங்கவே போவுதீரு?"

"பாவூர்சத்திரம் பக்கம். மலையை விட்டுத் தள்ளிப் போனா மேகம் இருக்காது. எம்பிள்ளை வானத்தைப் பாக்கச் சொல்லிருக்கா."

விஜயசங்கர் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்.

வயல்காட்டு ஓரமாக பைக்கை நிறுத்தி, போனைக் காதில் வைத்தபடி வடமேற்கே பார்த்து நின்றார். "எங்களைத் தாண்டிட்டுப்பா" என்றாள் மகள். சற்று நேரத்தில் மலைக்கு மேலே ஒரு வெளிச்சம் கிளம்பியது. விமானம்போல் மினுக்கவில்லை, சத்தமும் இல்லை. சீராக ஏறி வந்தது.

"வந்துட்டும்மா! இந்தா, என் தலைக்கு மேல வருது!"

கிழக்கே இறங்கும்போது அது மங்கி, நடுவானத்திலேயே அணைந்துபோனது.

"பூமியோட நிழலுக்குள்ள போயிருக்கும்" என்றாள். பிறகு பள்ளிக்கூடத்துச் சண்டை, கணக்கு டீச்சர், புதிதாக வந்த பூனைக்குட்டி என்று கேட்காமலே பேசிக்கொண்டு போனாள். திடீரென்று நிறுத்தி, "அது எவ்வளவு சீக்கிரம் வந்துட்டு பாத்தீங்களா? நீங்க ஏம்ப்பா ஒரு தடவைகூட வரல?" என்றாள்.

"பாஸ்போர்ட் எடுக்கணும்மா."

"எடுங்க. அம்மா கூப்பிடுதாங்க, வைக்கேன்."

அழைப்பு நின்றதும் பைக்கை லாட்ஜ் பக்கம் திருப்பினார்.

மார்ச்சில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மகளைப் பார்க்க வரலாமா என்று ரெபேக்காளிடம்தான் கேட்க வேண்டும். தினமும் போனில் ரெபேக்காளின் எண்ணை எடுத்துப் பார்க்கிறார். இன்னும் கூப்பிடவில்லை.